இரண்டு அளவு பெரியது

1.

ஆறரைக்கு எழுந்தேன். பல் துலக்கினேன். காப்பி போட்டேன். ரொட்டி தீர்ந்திருந்தது, பிஸ்கட் தின்றேன். குப்பைத் தொட்டியை வாசலுக்குத் தள்ளினேன். டார்னெய்ட் ரயில் ஸ்டேஷனுக்குப் போகும் கார்கள் வரிசையாக நின்றன. நான் வீட்டிலிருந்து வேலை பார்க்கிறவன். உள்ளே வந்து கணினியைத் திறந்தேன்.

எட்டே காலுக்கு ஒரு செய்தி வந்தது. இந்தக் கதை அதிலிருந்துதான் வருகிறது.

அனுப்பியவள் மிருணாளினி. என் மனைவி யோகா ஆடிய ஐஸ் ஹாக்கி அணியின் கேப்டன். யோகா அதில் கோலி, அதாவது வலையைக் காப்பவள். அவள் இறந்து பதினொரு வாரம் ஆகிறது.

"அண்ணா, கோலிமாரின்ர பேட்ஸ் சைஸைக் குறைக்கிறதோ எண்டு லீக்கில வோட்டிங். கோலிமாருக்கு மட்டும்தான் வோட். நாங்கள் இன்னும் புது ஆளை எடுக்கேல்லை. எங்கட டீமின்ர வோட் இப்பவும் யோகான்ரதான். நீங்களே போடுங்கோ. மாசக் கடைசி மட்டும் டைம் இருக்கு."

2.

ஐஸ் ஹாக்கி பார்த்திராத வாசகருக்கு: இதில் பந்து கிடையாது. பக் என்ற கெட்டியான ரப்பர் வட்டு. கோலி, பேட்ஸ் என்கிற கால்கவசமும் நெஞ்சுக் கவசமும் கட்டிக்கொண்டு வலையை மறைத்து நிற்க வேண்டும். கவசம் பெருத்தால் வலையில் இடம் குறையும்; கோல் விழாது; ஆட்டம் சலிக்கும். எனவே குறைக்கலாம் என்கிறது ஒரு தரப்பு. அடி வாங்கப்போவது நாங்கள் என்கிறது மறு தரப்பு.

இரண்டும் சரி. (இதில் கதை இல்லை என்று ஒரு வாரம் நினைத்தேன்.)

3.

முதல் தொடக்கம்: "வலைக்கு முன்னால் அவள் ஒரு மதிலைப் போல

விட்டுவிட்டேன். யோகா ஐந்தடி ஓர் அங்குலம்.

இரண்டாம் தொடக்கம்: "அவளுடைய சிறிய கவசத்தின் விளிம்புக்கும் தோளுக்கும் நடுவே அந்தப் பக்

இது நன்றாக வந்துகொண்டிருந்தது. அதனால் நிறுத்தினேன். அப்படி நடக்கவில்லை. அவள் மூளையில் ஒரு ரத்தக்குழாய் வெடித்தது. பிறவியிலேயே பலவீனமானது என்றார் டாக்டர். பக் பட்டதால் இருக்குமா என்று இரண்டு முறை கேட்டேன். இரண்டு முறையும் பொறுமையாக, "இல்லை" என்றார். அவருக்கு நன்றி.

ஆனால் வாக்குப் படிவத்தில் காரணம் எழுத ஒரு கட்டம் இருக்கிறது. சின்னக் கவசம்தான் காரணம் என்று நான் எழுதினால் யாரும் சான்று கேட்க மாட்டார்கள். மனைவியை இழந்தவனிடம் யார் கேட்பார்கள்? குறைக்கும் யோசனை அன்றோடு முடிந்துவிடும்.

எனக்கு அப்படி எழுத ஆசையாக இருக்கிறது. எதன் மீதாவது பழி போட வேண்டும்.

4.

இந்தக் கதையின் கணவன் மீது எனக்குச் சந்தேகம். பாவமாகத் தெரிகிறான். அவனைப் பற்றி ஒன்று சொல்லிவிடுகிறேன்.

முதல் பேட்ஸை வாங்கி வந்தவன் அவன்தான். அதாவது நான். எங்கள் வீட்டில் பள்ளி யூனிஃபார்ம் எப்போதும் ஓர் அளவு பெரிதாகத்தான் எடுப்பார்கள். இது ஐஸ் ஹாக்கி என்பதால் இரண்டு அளவு.

"நான் இனியும் வளருவன் எண்டு நினைச்சீரோ?" என்றாள்.*

"பெருசா இருந்தா அடி படாதுல்ல."

"பெருசா இருந்தா நடக்கேலாது, ஐசே."

அந்த சீசன் முழுக்க அதைக் கட்டிக்கொண்டு ஆடினாள். கோலே விழவில்லை என்று சொல்லலாம். ஆனால் வீட்டுக்கு முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டுதான் வருவாள்.

"எல்லாரும் உன்னைத்தானே கொண்டாடுறாங்க?"

"என்னையில்லை, நீர் வாங்கின பேட்ஸை. அதை வலைக்கு முன்னால சாத்தி வைச்சிட்டு நான் வீட்டை நிண்டிருக்கலாம்."

பிறகு, எந்த விதியும் வருமுன்பே, தன் அளவில் தானே ஒன்று வாங்கினாள். இரண்டு நாள் நான் பேசவில்லை. கோல்கள் விழத் தொடங்கின. தடுத்தவற்றை இரவுச் சாப்பாட்டில் கையால் நடித்துக் காட்டுவாள். குழம்பு என் சட்டையில் தெறிக்கும். அந்த ஏழு மாதங்களுக்கு நன்றி.

* யோகா யாழ்ப்பாணம், நான் திருச்சி. என்னை 'நீர்', 'ஐசே' என்று கூப்பிட்ட ஒரே ஆள்.

5.

முடிவு அ: பொய்யை எழுதுகிறேன். கவசங்கள் பெரிதாகவே இருக்கின்றன. நான் நிம்மதியாக

முடிவு ஆ: கூட்டத்தில் எழுந்து பேசுகிறேன். எல்லாக் கோலிகளும் எழுந்து நிற்கிறார்கள். (சினிமா. வேண்டாம்.)

இடையில் மிருணாளினி அழைத்தாள்.

"எதைப் போட்டாலும் ஓகே அண்ணா. ஏன் எண்டு கேக்கமாட்டம். சாப்பிட்டீங்களோ?"

"ஆமா."

"பொய். வியாழன் சோறு கறி கொண்டு வாறம்."

பதினொரு வாரமாக ஒரு வியாழன்கூடத் தவறவில்லை. இதை எந்த முடிவிலும் சேர்க்க இடமில்லை. இங்கேயே நன்றி சொல்லிவிடுகிறேன்.

6.

படிவம் திறந்திருக்கிறது. நான் எதை எழுதினேன் என்று சொல்லப்போவதில்லை. என் இடத்தில் உட்கார்ந்து நீங்களே போடுங்கள். அதற்கு உதவியாக, நான் இட்டுக்கட்டாத ஒன்றை மட்டும் தருகிறேன்.

அவளுடைய கடைசி ஞாயிறு, மதிய ஆட்டம். நான்கு – மூன்று, தோல்வி. திரும்பும்போது வெஸ்ட் கேட் பாலத்தில், பழைய பேட்ஸ் இருந்திருந்தால் அந்த நாலாவது விழுந்திருக்காது என்றேன். அவள் சீட்டைச் சாய்த்துக் கண்ணை மூடிக்கொண்டு பதில் சொன்னாள். பாலம் இறங்கியதும், தூங்கிவிட்டாள் என்று நினைத்து ரேடியோவைக் குறைத்தேன்.

அவள் சொன்னது:

"இல்லை, நான்தான் அசையப் பிந்திட்டன். அது என்ர கோல். பேட்ஸுக்குக் குடுக்காதையும்."