கேட்டில் கையைத் தூக்கிய முதலாளி

அவிநாசிபாளையம் ரோட்டிலிருக்கும் அந்தப் பனியன் கம்பெனியில் மதுமதி காரைவிட்டு இறங்கியதும், முதலாளி தீனதயாளன் வாசலுக்கே ஓடிவந்து கும்பிட்டார். அடேயப்பா, என்ன பவ்யம்! இளநீர் என்ன, முந்திரி என்ன! இருக்காதா பின்னே? அமெரிக்காக்காரன் வரியை ஏற்றியதிலிருந்து, ஆர்டர் கொடுத்தவர்களெல்லாம் கழன்றுகொள்ளச் சாக்குத் தேடிக்கொண்டிருந்தார்கள். வாங்குகிறவர்கள் சார்பில் சரக்கைச் சோதிக்க வந்திருக்கும் மதுமதி ஃபெயில் என்று எழுதினால் போதும், அது கப்பலேறாது. கம்பெனியை இழுத்துப் பூட்டவேண்டியதுதான்.

அவள் குப்பாயியின் மகள் என்பது மட்டும் மனுஷனுக்குத் தெரியாது.

ஆறு வருஷத்துக்கு முன்பு குப்பாயி இங்கேதான் தைத்த துணியைச் சரிபார்க்கும் செக்கிங் வேலை பார்த்தாள். ஒருநாள் வேலை விட்டுக் கிளம்பும்போது அவள் பையில் ஒரு குழந்தைச் சட்டை இருந்தது. கழிவென்று ஒதுக்கியது, சூப்பர்வைசரே எடுத்துக்கொள்ளச் சொன்னது. தீனதயாளன் ஒரு வார்த்தை விசாரித்தாரா? அத்தனை பேர் பார்க்க அவளைக் கேட்டில் நிறுத்தி, கையைத் தூக்கச் சொல்லி, உடம்பைத் தடவிச் சோதிக்க வைத்தார். திருட்டுச் சிறுக்கி என்று வாய் கூசாமல் சொன்னார். அதற்குப் பிறகு குப்பாயி எந்தக் கம்பெனிப் படியும் ஏறவில்லை. அப்போது காலேஜில் படித்துக்கொண்டிருந்த மதுமதி, அந்த வயிற்றெரிச்சலோடுதான் இந்த வேலையைத் தேடிப் பிடித்தாள்.

பெட்டிகளைப் பிரித்து ஒவ்வொரு பீஸாகப் புரட்டினாள். பாழாய்ப்போன சரக்கு சுத்தமாக இருந்தது! தையலில் பிசிறில்லை, சாயத்தில் குறையில்லை. அவளுக்கு ஆத்திரம் ஆத்திரமாக வந்தது.

"குப்பாயின்னு ஒருத்தங்களை ஞாபகமிருக்குதுங்களா?" என்று கேட்டாள்.

"இல்லீங்களே மேடம். எத்தனையோ பேரு வர்றாங்க, போறாங்க."

ஞாபகம்கூட இல்லையாம்! மதுமதி கையிலிருந்த பீஸைப் பெட்டிக்குள் வீசினாள்.

"எங்கம்மாதானுங்க. கேட்டுல கையத் தூக்கச் சொல்லிச் சோதிச்சீங்களே, அவங்க. இன்னிக்கு ஷிப்ட் விடறப்ப நீங்க அதே இடத்துல நில்லுங்க. வாட்ச்மேன் உங்களச் சோதிக்கட்டும். நின்னா பாஸ். இல்லீன்னா ஃபெயில்."

தீனதயாளன் பெட்டிகளைப் பார்த்தார்.

"சரிங்க மேடம்," என்றார்.

சாயங்காலம் சனம் மொத்தமும் வெளியே வந்தபோது, முதலாளி கேட்டில் இரண்டு கைகளையும் தூக்கிக்கொண்டு நின்றார். வாட்ச்மேன் சென்னியப்பன் அவருடைய பாக்கெட்டுகளைத் துழாவினார். கார் சாவி வந்தது, கைக்குட்டை வந்தது, பழனி விபூதிப் பொட்டலம் வந்தது. மதுமதிக்கு வயிறு குளிர்ந்தது. நில்லுடா, நன்றாக நில்லு என்று மனசுக்குள் கருவினாள்.

"ஏனுங்க மேடம், சரக்கு கப்பலேறிப் போயிருமுங்களா?" என்று ஒரு பெண் பயந்துபோய்க் கேட்டாள். மதுமதி உள்ளே போய்ச் சொன்னபடி பாஸ் என்று எழுதிக் கொடுத்தாள்.

பல்லடத்தில் வீடு வந்து சேர்ந்ததும் அம்மாவிடம் ஒன்றுவிடாமல் சொன்னாள். வெங்காயம் உரித்துக்கொண்டிருந்த குப்பாயி நிமிர்ந்து உட்கார்ந்தாள்.

"நெசமாலுமே கையத் தூக்குனானா?"

"தூக்குனானுங்மா. எல்லாருந்தான் பாத்தாங்க."

"நல்லா வேணும் அந்த நாய்க்கு!" குப்பாயியின் முகம் மலர்ந்தது. "எவளாச்சும் சிரிச்சாளா?"

மதுமதி யோசித்தாள். "இல்லீங்மா. ஒருத்தரும் சிரிக்கல. சரக்கு போகுமான்னுதான் கேட்டாங்க."

குப்பாயியின் முகம் சுண்டிப்போனது.

"என்னையப் பாத்து அத்தன பேரும் சிரிச்சாளுக, கண்ணு. அவன் நின்னா மட்டும் எவளுக்கும் சிரிப்பு வரலையாக்கும்?"

குப்பாயி கத்தியைக் கீழே வைத்தாள்.

"அடுத்த சரக்கப் பாக்கவும் உன்னையத்தான அனுப்புவாங்க?"

"ஆமாங்மா."

"அத ஃபெயில் போட்டுரு, சாமி."