ஒன்பதாம் நம்பர் சைக்கிள்

புத்தளத்தில் உப்பளப் பக்கத்துக் குடியிருப்பு, ஆஸ்பத்திரி, பஸ் ஸ்டாண்ட் ஆகிய மூன்று இடங்களில் மாதர் சங்கம் சைக்கிள் தரிப்பிடம் போட்டிருந்தது. சைக்கிள்கள் பன்னிரண்டு. சங்க அட்டை உள்ளவர் ஓரிடத்தில் எடுத்து, போன இடத்தில் விடலாம். சொந்தச் சைக்கிள் ஒரு ஆளைக் கொண்டுபோய்விட்டு நாள் முழுக்கச் சும்மா நிற்கும். பொதுச் சைக்கிளோ விட்ட இடத்திலேயே அடுத்த ஆளை ஏற்றிக்கொள்ளும். சங்கிலி மாதிரித்தான்: ஒரு கண்ணி கழன்றால் பின்னால் உள்ளவர்கள் எல்லோரும் நடக்க வேண்டும்.

கழன்றுவிட்டது. இரண்டு வாரமாகக் காலையில் குடியிருப்புத் தரிப்பிடம் வெறுமையாகக் கிடந்தது. வியாழன் காலை ஏழு மணிக்கு நகரசபை உத்தியோகத்தர் குலசேகரம் பார்க்க வருவார். அன்றும் இதே நிலை என்றால் இடம் த்ரீவீல்காரர்களுக்குப் போய்விடும்.

"எல்லாம் பழைய இரும்புக்குப் போயிரிச்சு தங்கச்சி," என்று சிரித்தான் த்ரீவீல் ஓட்டும் மர்ஸூக்.

"போகல்ல மர்ஸூக் நானா. தேடிட்டு வந்து சொல்றன்." சைக்கிள்களுக்குப் பொறுப்பான ஷிஹாரா செவ்வாய்க்கிழமை வீடு வீடாக ஏறி இறங்கினாள்.

தரிப்பிடத்துக்கு எதிரேதான் கமறியாவின் வீடு. உள்ளே அலுமாரிக்குப் பக்கத்தில், எண்ணெய் போட்டுத் துடைக்கப்பட்டு, படுக்கை விரிப்பால் மூடப்பட்டு நின்றது ஒன்பதாம் நம்பர்.

"என்ன சாச்சி இது?"

"அமானத்துச் சாமான் மகள். நம்பித் தந்த பொருள ரோட்டுல போட்டுட்டு வந்து நிம்மதியாத் தூங்கேலுமா? என்ட சாமானக்கூட நான் இப்படித் துடைக்கிறல்ல."

அடுத்தடுத்த வீடுகளிலும் அதே கதை. ஒரு வீட்டில் இருக்கைக்குப் பூப்போட்ட உறைகூடத் தைத்திருந்தார்கள். ஆறு வீட்டில் ஆறு சைக்கிள்; மிச்சம் ஆறும் மற்ற இரண்டு தரிப்பிடங்களில். ஒன்றுகூடக் களவு போகவில்லை.

ஷிஹாரா கமறியாவிடம் திரும்பி வந்து கதிரையில் உட்கார்ந்தாள். "காலையில இதுல எங்க போற சாச்சி?"

"நான் போறது பின்னேரம்தானே."

"அப்ப காலையில சும்மா நிக்கிது. இன்டைக்கு றோசமேரி அக்கா ஆஸ்பத்திரி வேலைக்கு நடந்து போனா."

"கேட்டிருந்தாக் குடுத்திருப்பேனே!"

"உங்கட வூட்டுக்குள்ள ஈக்கிறது அவக்கு எப்படித் தெரியும்? கேக்காம எடுக்கத்தானே வெளிய வெக்கிற."

கமறியா யோசித்தாள். "சரி. ஆனா அமானத்த ஒரு ஆள்ட கையிலதான் குடுக்கணும். தரிப்பிடக் கம்பியிட்டக் குடுத்துட்டு வரேலுமா?"

ஷிஹாராவுக்கு உறைத்தது. பூட்டு வைத்தாள், நம்பர் வைத்தாள். வாங்கிக்கொள்ள ஒரு கை வைக்கவில்லை.

"அப்ப இந்தத் தரிப்பிடத்துல நீங்களே கைநீட்டி வாங்குங்க. பூட்டுத் திறப்பெல்லாம் உங்கட கையில."

பஸ் ஸ்டாண்டில் தேநீர்க்கடைக்காரர் சம்மதித்தார். ஆஸ்பத்திரி வாசலுக்கு மர்ஸூக்கைக் கேட்டாள்.

"என்ட த்ரீவீல் ஹயரக் கெடுக்கிற சைக்கிளுக்கு நானே காவலா?"

"நோயாளியையும் மூட்டையையும் சைக்கிள்ல ஏத்தேலுமா நானா? அவங்க எப்பவும் உங்கட ஆக்கள்தான்."

அவன் தலையைச் சொறிந்துவிட்டுத் திறப்புகளை வாங்கிக்கொண்டான்.

வியாழன் காலை குலசேகரம் வந்தபோது தரிப்பிடத்தில் ஒரு சைக்கிளும் இல்லை.

"இண்டைக்கும் வெறுமைதானே, பிள்ளை," என்று கொப்பியைத் திறந்தார்.

"ஆறு மணிக்கு நாலு நிண்டிச்சு சேர். நாலும் ஓடுது. வூட்டுக்குள்ள கிடந்து வெறுமையாகிறதும் ஓடி வெறுமையாகிறதும் ஒண்டில்ல. பத்து நிமிசம் நில்லுங்க."

அவர் மணிக்கூட்டைப் பார்த்தபடி நின்றார். ஐந்து நிமிடம். எட்டு நிமிடம். உப்பளத் திருப்பத்தில் இரண்டு சைக்கிள்கள் தெரிந்தன. ஆஸ்பத்திரியில் இரவு வேலை முடித்த இரண்டு பெண்கள். அவர்கள் இறங்கும் முன்பே கமறியா கையை நீட்டிவிட்டாள். "திறப்பத் தாங்க. பிரேக் சரியா?" காத்திருந்த றோசமேரி ஒன்றை வாங்கி ஏறிப் போனாள். இன்னொன்றில் ஒரு ஆசிரியை பஸ்ஸுக்குப் புறப்பட்டாள். தரிப்பிடம் மறுபடி வெறுமை.

குலசேகரம் சிரித்தார். "மூண்டு மாசம் பாப்பம்," என்று சொல்லிக் கொப்பியில் எழுதினார்.

ஷிஹாரா அதை வாசிக்க நிற்கவில்லை. இந்நேரம் பஸ்ஸுக்குப் போனவர்கள் விட்ட சைக்கிள்கள் பஸ் ஸ்டாண்டில் குவிந்திருக்கும். இங்கே வரிசையில் இன்னும் மூன்று பேர். உப்பு மூட்டையோடு டவுன் பக்கம் போன லான்ட்மாஸ்டர் உழவு வண்டியைக் கைகாட்டி நிறுத்தினாள்.

"திரும்பி வரக்குள்ள நாலு சைக்கிள் ஏத்தணும் நானா," என்றபடி மூட்டைமேல் ஏறி உட்கார்ந்தாள்.