லில்லியில் தோய்ந்த மூக்கு

கடிகாரக் கடைக்காரருக்கு மூக்குதான் எஜமான். காலையில் பல் துலக்குகிறாரோ இல்லையோ, தோட்டத்துக்குப் போய் ஒவ்வொரு பூவிடமும் நலம் விசாரித்தாக வேண்டும். முல்லைக்கு ஒரு மூச்சு, ரோஜாவுக்கு இரண்டு. லில்லி மலர்ந்துவிட்டாலோ, கண்ணை மூடிக்கொண்டு நிற்பார். இடி விழுந்தாலும் காதில் விழாது.

மகளைக் கட்டப்போகும் பையனின் அப்பா அம்மா முதன்முதலாக வீட்டுக்கு வரும் நாள் அன்று.

"ஏங்க, அவங்க கிளம்புற வரைக்கும் தோட்டத்துப் பக்கம் தலை வச்சுக்கூடப் படுக்கக் கூடாது," என்றாள் மனைவி.

"நான் என்ன பச்சைக் குழந்தையா?" என்று ரோஷத்தோடு கேட்டார்.

அவள் அடுக்களைக்குள் நுழைந்ததுதான் தாமதம், மனிதர் பின்கதவைத் தாண்டிவிட்டார். மூன்று லில்லிகள் வாயைப் பிளந்துகொண்டு அவருக்காகவே நின்றன. மூக்கைப் பூவின் அடித்தொண்டை வரை விட்டு உறிஞ்சினார்.

திரும்பி வந்தவரைப் பார்த்து மகள் அலறினாள். "அப்பா, மூக்கு!"

மகரந்தம் அப்பி, மூக்கு பழுத்த ஆரஞ்சாக இருந்தது. குழாயடிக்கு ஓடித் தேய்த்தார். தேய்க்கத் தேய்க்க இரண்டு கன்னங்களும் மூக்கோடு கூட்டணி சேர்ந்தன. அதற்குள் வாசல் மணி அடித்தது. கைக்குட்டையை எடுத்து முகத்தில் அமுக்கிக்கொண்டு போய்க் கதவைத் திறந்தார்.

வந்த சம்பந்தி சந்தையில் மீன் கடை வைத்திருப்பவர். இந்தச் சந்திப்புக்காகவே மூன்று முறை குளித்து, அரை பாட்டில் சென்ட்டையும் தலையில் கவிழ்த்திருந்தார். அப்படிப்பட்டவர் உள்ளே வந்ததும் கண்டது, மூக்கைப் பொத்திக்கொண்டு நிற்கும் மனிதரை! முகம் தொங்கிப்போய் சோபாவின் ஓரத்தில் ஒடுங்கினார்.

"இன்னும் அடிக்குதாடி?" என்று மனைவியிடம் கிசுகிசுத்தார். பக்கத்து வீட்டுக்கே கேட்கும் கிசுகிசுப்பு.

"அவருக்குச் சளிங்க," என்று கடைக்காரரின் மனைவி சமாளித்தாள்.

மீன்காரர் எழுந்துவிட்டார். "சளியும் இல்ல, கிளியும் இல்ல. மீன் வாடைதானே? எங்க வீட்டுக்குப் பொண்ணு குடுக்க யோசனையா இருந்தா இப்பவே சொல்லிடுங்க."

மகளின் கண் கலங்குவதைக் கடைக்காரர் பார்த்தார். மானம் போனால் போகட்டும் என்று கைக்குட்டையை இறக்கினார்.



"ஐயையோ, மஞ்சக் காமாலையா?" என்றாள் மீன்காரர் மனைவி.

"இல்லம்மா... லில்லிப்பூ. மோந்து பாத்தேன். கொஞ்சம் ஆழமாப் போயிட்டேன்."

மீன்காரரின் தொப்பைதான் முதலில் குலுங்கியது; சிரிப்பு அதன் பின்னால் வந்தது. கண்ணைத் துடைத்துக்கொண்டு, "எங்க, சம்பந்தி, அந்தப் பூ?" என்றார்.

தோட்டத்தில் லில்லியிடம் குனிந்தவர் உதட்டைப் பிதுக்கினார். "ஒண்ணும் தெரியலையே. முப்பது வருஷமா மீனையே மோந்த மூக்கு இது."

"வெளிய நின்னு எட்டிப் பாத்தா எப்படி? உள்ள விடுங்க. இன்னும்... இன்னும்..."

மீன்காரரின் முகமே பூவுக்குள் மறைந்தது. நீளமாக ஒரு மூச்சு இழுத்தார். பிறகு உள்ளிருந்து, "அடடா!" என்றது ஒரு குரல்.

பின்கதவில் நின்ற பெண்கள் இருவருக்கும் இரண்டு முதுகுகள் மட்டுமே தெரிந்தன.

"கல்யாணத் தேதி பேசணும்னுதானே வந்தோம்?" என்றாள் மீன்காரர் மனைவி.

"நாமளே பேசி முடிச்சிடுவோம். இவங்க இப்போதைக்கு வரமாட்டாங்க," என்று நாற்காலியை இழுத்துப் போட்டாள் கடைக்காரர் மனைவி.

அடுத்த இரண்டு நாள் மீன் கடைக்கு வந்தவர்கள் யாரும் பேரம் பேசவில்லையாம். ஆரஞ்சு மூக்கைப் பார்த்துக்கொண்டே, சொன்ன விலைக்கு வாங்கிப் போனார்களாம்.