இரண்டு ஏழுகள்

வெள்ளிக்கிழமை பகலில், கிர்கிஸ்தானின் காரகோல் நகரத்துப் பால் ஆலையின் பெரிய தொட்டியை யாரோ வலையமைப்பு வழியாக நாலு டிகிரியிலிருந்து இருபத்துநாலுக்கு ஏற்றியிருந்தார்கள். திங்களன்று திறந்தபோது இரண்டாயிரம் லிட்டரும் திரிந்திருந்தது. கட்டளை அனுப்பிய கருவியின் வலையமைப்பு முகவரியைத் தொட்டி குறித்து வைத்திருந்தது. கடைசி எண் ஏழு. மேலாளர் தொக்தோசுன் அதைச் சிவப்பில் கோடிட்டுச் சுவரில் ஒட்டினார்.

அலுவலகத்தில் ஏழு, உல்ஜானின் கணினி.

அதற்குப் பிறகு அவள் உள்ளே வந்தாலே பேச்சு பனிமழைக்கு மாறியது. தொட்டி இருக்கும் எதிர்க் கட்டடத்து ஆய்வுக்கூடத்திலிருந்து சைகல் மட்டும் தினமும் வந்து, அவளோடு உட்கார்ந்து ரொட்டியைப் பிட்டுக் கொடுத்தாள். வியாழனன்று மேலாளர் வேலைநீக்கக் கடிதத்தை மேசையில் வைத்துக்கொண்டு உல்ஜானைக் கூப்பிட்டனுப்பினார்.

"ஏழு உன்னோடதுதானே?"

"இந்தக் கட்டடத்து ஏழு என்னோடது, பைகே." ஊர் வழக்கப்படி அவரை அண்ணன் என்றே அழைத்தாள்.

"ஏழுன்னா ஏழு. கட்டடத்துக்குக் கட்டடம் மாறுமா?"

"நீங்க ஏழாம் நம்பர் வீட்ல இருக்கீங்க. எங்க அடுக்குமாடியிலயும் ஏழு இருக்கு. அங்க ஒரு சிடுமூஞ்சிக் கிழவர் இருக்காரு. அது நீங்க இல்லையே."

அவர் சிரிக்கவில்லை. அவள் விளக்கினாள். கட்டடத்துக்கு ஒரு ரவுட்டர், வாசல் காவலர் மாதிரி. உள்ளே இருக்கும் கருவிகளுக்கு அதுதான் எண் கொடுக்கும். இரண்டு ரவுட்டர்களும் ஒன்றிலிருந்தே எண்ணத் தொடங்குவதால் இங்கேயும் ஏழு உண்டு, அங்கேயும் உண்டு. உள் எண் வாசல் தாண்டாது. வெளியே போனால் வாசலின் எண்தான் தெரியும். அவள் இங்கிருந்து தொட்டியைத் தொட்டிருந்தால் இந்த வாசலின் எண்ணே அங்கே பதிவாகியிருக்கும். பதிவானதோ ஏழு, ஒரு உள் எண். அப்படியானால் கை வைத்தவர் அந்தக் கட்டடத்துக்குள்ளேயே இருந்தவர்.

தொக்தோசுன் கடிதத்தை மடித்துவிட்டு எழுந்தார். இருவரும் எதிர்க் கட்டடத்துக்குப் போனதும், அங்கிருந்த கணினியில் ரவுட்டரின் பட்டியலை அவள் திறந்தாள். ஏழு: சைகலின் கைபேசி.

சைகல் பிட்டுக் கொடுத்த ரொட்டியின் ருசியே உல்ஜானுக்கு வாயில் மாறிப்போனது போலிருந்தது. சைகல் தினமும் வந்தது அன்பாலா, இல்லை, என்ன பேசிக்கொள்கிறார்கள் என்று மோப்பம் பிடிக்கவா? சட்டென்று திரையை மூடிவிடலாம். அதற்குள் மேலாளர் மூக்குக்கண்ணாடியை மாட்டிக்கொண்டு பெயரைக் குறிப்பேட்டில் எழுதியிருந்தார்.

"பைகே, அந்த எண்ணை ரவுட்டர் ஒரு நாளைக்குத்தான் கடனா கொடுக்கும். ஆள் வெளிய போனா இன்னொருத்தருக்குப் போயிடும். இன்னைக்கு சைகல். வெள்ளிக்கிழமை யாருன்னு இதுல இல்ல."

அவர் பேனாவை நிறுத்தி அவளைப் பார்த்தார்.

"உன்னைக் காப்பாத்தறப்போ எண் பேசுச்சு. அவ பேரு வந்ததும் ஊமையாயிடுச்சா?"

"அப்பவும் அது ஆளைச் சொல்லல. எந்தக் கட்டடம்னுதான் சொல்லுச்சு."

"ரெண்டு பேரும் தினம் என்ன பேசிக்கிட்டீங்க?"

அவள் குறிப்பேட்டைத் தன் பக்கம் இழுத்து, சைகலின் பெயருக்கு முன்னால் 'இன்று' என்று எழுதினாள். அவர் அதைத் திரும்ப இழுத்து, கீழே உல்ஜானின் பெயரையும் எழுதுவதைப் பார்த்துக்கொண்டே நின்றாள்.