ஒருமனதாகும் வரை

1844 அக்டோபர் 13, ஞாயிற்றுக்கிழமை. அமெரிக்காவின் இண்டியானாவில் ஒரு சிற்றூர். குவேக்கர் என்ற கிறிஸ்தவப் பிரிவினரின் சபை காலையில் கூடியது.

கென்டக்கியில் அடிமையாக இருந்து தப்பி வந்த மின்ட்டா, ரோடா பிக்கரிங்கின் வீட்டில் இருந்தாள். அவளைப் பிடிக்க வந்தவர்கள் பக்கத்து ஊர்வரை வந்துவிட்டதாகச் செய்தி. ரோடாவின் தம்பி ஈனாஸ் விடியும்போதே வண்டியைப் பூட்டிவிட்டான்.

"அக்கா, கனடாவுக்குக் கூட்டிட்டுப் போயிடுறேன். சரின்னு ஒரு வார்த்த சொல்லு."

"சபை ஒத்துக்கட்டும்டா. ஊரையே பகைச்சுக்கிட்டு அடிமைத்தனத்த ஒழிச்சிட முடியுமா?"

"உங்க சபை யோசிச்சு முடிக்கறதுக்குள்ள இவளுக்குத் தல நரைச்சிடும்."

மின்ட்டா ரோடாவின் முகத்தைப் பார்த்தாள். "அம்மா சொன்னாத்தான் ஏறுவேன்."

ரோடா சபைக்குப் போய், மின்ட்டாவைக் கனடாவுக்கு அனுப்பச் சம்மதம் கேட்டாள்.

அங்கே வாக்கெடுப்பு கிடையாது. ஒருவர் மறுத்தாலும், எல்லோரும் ஒருமனதாகும்வரை மௌனமாக உட்கார்ந்திருப்பார்கள்.

"ஓடிவந்த அடிமைக்கு உதவிச் சட்டத்த மீறினா நம்ம பேச்ச எவன் கேப்பான்? கொஞ்சங் கொஞ்சமாத்தான் மாத்தணும்" என்றார் மாவு மில்காரர் ஆபெல்.

மௌனம் நீண்டது. எழுந்துவிடலாமா என்று ரோடாவுக்கு இருமுறை தோன்றியது. அந்த மௌனத்தை முப்பது வருடமாக நம்பியவள் என்பதால் உட்கார்ந்தே இருந்தாள். நண்பகலில் ஆபெல் தலை நிமிர்ந்தார். "சரி, போகட்டும்" என்றார்.

ரோடா ஓட்டமாக வீட்டுக்கு வந்தாள். ஈனாஸ் நெற்றியில் ரத்தத்தோடு வாசலில் கிடந்தான்.

"நாலு பேரு வந்தாங்கக்கா. என்னால முடியல."

மின்ட்டாவைக் கென்டக்கிக்குக் கொண்டுபோனார்கள். குளிர்காலத்தில் அவளைத் தெற்கே பருத்தித் தோட்டங்களுக்கு விற்றுவிட்டார்கள்.