லோகு போனிடம் என்ன கேட்பான்

லோகுவுக்கு நான் தர வேண்டியது ஏழாயிரத்து அறுநூற்று ஐம்பது ரூபாய். கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் கம்பி உருட்டும் ஆலை ஒன்றில், உலைக்குப் பக்கத்தில் நாங்கள் இருவரும் சேர்ந்து நின்றவர்கள். என் மனைவி ஆரோக்கியமேரியை ஆபரேஷனுக்குச் சேர்த்தபோது, சீட்டு எடுத்த பணத்தை எண்ணிக்கூடப் பார்க்காமல் கவரோடு என் சட்டைப் பையில் திணித்தான். ஆஸ்பத்திரிக் கட்டிலில் உட்கார்ந்து எண்ணியது மேரிதான். அடுத்த மாதமே ஆலையை மூடிவிட்டார்கள்.

நான் மருத்துவமனைக்கும் வீட்டுக்குமாக அலைந்துகொண்டிருந்த நாட்களில், அவன் அறையைக் காலி செய்துவிட்டு எங்கோ வேலை தேடிப் போய்விட்டான். பழைய நம்பருக்கு அடித்தால் யாரோ ஒரு அம்மா எடுத்து, "ராங் நம்பர்பா, எத்தினி வாட்டி சொல்றது?" என்று திட்டினாள். சொந்த ஊர் ஆர்.கே.பேட்டை பக்கம் என்று அவன் எப்போதோ சொன்ன ஞாபகத்தில் பஸ் ஏறிப் போனேன். "எந்த லோகு?" என்று திருப்பிக் கேட்டார்கள். அவன் அப்பா பெயர்கூட எனக்குத் தெரியவில்லை. அத்தனை வருடம் ஒரே சூட்டில் நின்றோம். பெயருக்கு மேல் எதுவும் கேட்டுக்கொள்ளவில்லை.

ஆபரேஷனுக்குப் பிறகு மேரி மூன்று மாதம் இருந்தாள். கடைசி நாட்களில் பேச்சு குறைந்துவிட்டது. பேசினால் "லோகு தம்பி காசு?" என்பாள். "குட்த்துர்லாம்மா" என்பேன்.

எனக்கு எழுத்து கற்றுக்கொடுத்ததும் அவள்தான். நாற்பது தாண்டிய பிறகு, கோயில் பாட்டுப் புத்தகத்தைக் கையில் கொடுத்து எழுத்துக் கூட்ட வைத்தாள். அவள் போன பிறகு அந்தப் பழக்கத்தை விட முடியவில்லை. வீட்டில் பேச ஆளில்லாதபோது எழுத்து ஒரு துணை. தேர்வாய் கண்டிகையில் ஒரு குடோனில் லோடு இறக்கும் வேலை கிடைத்தது. வந்து படுத்தால் முதுகு தரையில் ஒட்டாது. அப்படிப் படுத்துக்கொண்டே ஒற்றை விரலால் போனில் எழுதுவேன்.

ஸ்டேஷன் பக்கத்தில் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கும் சாராள்தான் எனக்கு வலைப்பூ ஒன்றைத் திறந்து கொடுத்தாள். மேரிக்குத் தெரிந்தவள். வாயைத் திறந்தால் குத்துவாள். கை மட்டும் உதவி செய்துகொண்டிருக்கும்.

"இதுல எயுதுண்ணா. காசு கெடையாது. உலகமே படிக்கும்."

"லோகு படிப்பானா?"

"யாராருக்கோ போய் சேருது, லோகுவுக்குப் போவாதா?"

அதுதான் என் திட்டம். லோகுவைத் தேடி நான் எத்தனை ஊருக்குப் போக முடியும்? அவன் தேடும்போது நான் கிடைத்தால் போதும். நான் எழுதினேன். 'பிரிந்து சென்ற நண்பனே' என்று ஒன்று. 'நெருப்பின் மடியில்' என்று ஒன்று. ஆலையின் பெயரை வாசல் பலகையில் தமிழ் எழுத்தில் இருந்தபடி முழு இங்கிலீஷ் பெயராக, 'பிரைவேட் லிமிடெட்' வரைக்கும் சேர்த்து எழுதினேன். எழுத்து தெரியாத காலத்தில் தினமும் அந்தப் பலகையைப் படம் பார்ப்பதுபோலப் பார்த்துக்கொண்டு உள்ளே போனவன் நான். படிக்கத் தெரிந்ததும் முதலில் படித்தது அதைத்தான். அந்தப் பெருமையை விட மனசு வரவில்லை.

காலையில் குடோன் வண்டிக்குக் காத்திருக்கும்போது கூகுளில் என் தலைப்பை அடித்துப் பார்ப்பேன். ஆரம்பத்தில் கீழே எங்கோ கிடந்தது. நாள் போகப் போக மேலே வந்தது. ஒருநாள் முதல் வரியிலேயே நின்றது. பார்த்தவர்கள் எண்ணிக்கையும் தினம் கூடிக்கொண்டே போனது. எனக்குத் தரை தெரியவில்லை. அன்று வேலை முடிந்ததும் நேராக சாராள் கடைக்குப் போனேன்.

"நம்மதான் ஃபஸ்ட்டு" என்று போனை நீட்டினேன்.

அவள் போனை வாங்கிப் பார்த்துவிட்டு, தன் கம்ப்யூட்டரில் அதே தலைப்பை அடித்தாள். சினிமாப் பாட்டு வந்தது. அடுத்த பக்கம் போனாள். கவிதை வந்தது, காதல் தோல்வி ஸ்டேட்டஸ் வந்தது. நான் எங்கும் இல்லை.

"எங்கண்ணா கீற நீ?"

"இந்தா, என் போன்ல வருதே!"

"டெய்லி நீயே தேடி, நீயே தொறக்கற. இந்த ஆளுக்கு இதான் வேணும்போலனு போன் எட்த்து முன்னாடி வச்சிட்ச்சி. பார்த்தவங்கன்னு நம்பர் காட்டுதே, அதுவும் முக்காவாசி நீதான். சொந்தக் கடையில நீயே போண்டா வாங்கித் துன்னுட்டு வியாபாரம் சூப்பர்னு சொல்ற மாதிரி கீது."

ஜெராக்ஸ் எடுக்க நின்றிருந்த ஒருவர் சிரித்துவிட்டார். நானும் சிரித்தேன். வீட்டுக்கு வந்து விளக்கைப் போடாமல் உட்கார்ந்திருந்தேன். இத்தனை நாளும் யாரோ படிக்கிறார்கள் என்று நம்பிக்கொண்டிருந்தேன். அந்த யாரோ நான்தான்.

மறுபடி அந்தக் கடைக்குப் போக ஒரு வாரம் ஆனது. சாராள் ஸ்டூலைத் தள்ளிப் போட்டாள். கூட்டம் குறைந்ததும் அவளே ஆரம்பித்தாள்.

"அண்ணா, உன் தலைப்பு நல்லாத்தான் கீது. ஆனா அத்த யாரும் தேட மாட்டாங்க. என் கடைக்கு வர்றவங்க இன்னா கேக்கறாங்க? ஆதார்ல பேரு தப்பு, ரேஷன் கார்டு வர்ல, பி.எஃப். எப்டி எடுக்கறது. அவங்க வாய்ல எப்டி வருதோ அப்டியே தலைப்பு வையி. லோகு இன்னா தேடுவாரு? 'பிரிந்து சென்ற நண்பனே'ன்னா?"

"அவனுக்குப் படிக்கவே தெரியாது. போன் கிட்டதான் பேசுவான்."

உண்மைதான். டீ நேரத்தில் மைக்கை அழுத்தி, ஆளிடம் பேசுவதுபோல் பேசுவான். "இன்னிக்கி மய வருமா? கரெக்டா சொல்லு, துணி காயுது" என்பான். பதில் தப்பாக வந்தால் போனையே திட்டுவான். அது சொல்லும் பதிலை உரக்கப் படிக்க வைத்துக் காதில் வைத்துக்கொள்வான்.

"அப்ப அவரு போன் கிட்ட இன்னா கேப்பாருன்னு யோசி" என்றாள் சாராள்.

அன்று நடந்தே வீட்டுக்குப் போனேன். லோகு என்ன கேட்பான்? எங்கள் எல்லோருக்கும் பி.எஃப். பணம் அந்த ஆலையில் சிக்கியது. ஆலை மூடியதும் கான்ட்ராக்டர் பாக்கியராஜ் கடையைக் கட்டிக்கொண்டு போய்விட்டார். வேலையை விட்ட தேதியை யாருக்கும் பி.எஃப். கணக்கில் ஏற்றவில்லை; அது இல்லாமல் பணம் வராது. எனக்கு சாராள்தான் நாமே ஏற்றலாம் என்று பார்த்து, பணத்தை எடுத்துக் கொடுத்தாள். அதற்கு ஆதாரில் உள்ள நம்பருக்கு ஓடிபி வரும். லோகுவுக்கு அந்த நம்பர்தான் இல்லையே! எனக்கு அவன் எதனால் கிடைக்கவில்லையோ, அதே காரணத்தால் அவனுக்கு அவன் பணமும் கிடைத்திருக்காது.

இன்னொன்றும் அப்போதுதான் உறைத்தது. ஆலையின் முழுப்பெயரை எங்களில் ஒருவனும் வாயால் சொன்னதில்லை. எங்கே வேலை என்று கேட்டால் "பாக்கியராஜ் ஆளுங்க" என்போம். சம்பளம் கொடுப்பவர் அவர், திட்டுபவர் அவர், கேட்டில் பெயர் கேட்டாலும் அவர் பெயர்தான். எழுத்து கற்றுக்கொண்ட மிதப்பில், யாரும் சொல்லாத ஒரு பெயரை நான் பக்கம் பக்கமாக எழுதிவைத்திருந்தேன்.

தலைப்பை இப்படி வைத்தேன்: 'கும்மிடிப்பூண்டி பாக்கியராஜ் கான்ட்ராக்ட்ல வேலை செஞ்சேன், பழைய போன் நம்பர் இல்ல, ஓடிபி வரல, பி.எஃப். பணம் எப்படி எடுக்கறது?' மேரி இருந்தால் இது எழுத்தா என்று கேட்டிருப்பாள். கீழே, ஆதாரில் நம்பர் மாற்றப் போஸ்ட் ஆபீசுக்கோ ஆதார் மையத்துக்கோ நேரில் போக வேண்டும் என்பதிலிருந்து ஒவ்வொன்றாக எழுதினேன். காதால் கேட்பவனுக்குப் புரிய வேண்டும் என்று சின்னச் சின்ன வாக்கியமாக எழுதி, நானே சத்தமாகப் படித்துப் பார்த்தேன். கடைசியில் என் போன் நம்பரைப் போட்டேன். பெயர் போடவில்லை. பழைய பக்கங்களில் பெயரைப் போட்டுப் போட்டுச் சலித்திருந்தது.

அதற்குப் பிறகு நான் தேடிப் பார்க்கவில்லை. சாராள்தான் ஒருநாள் போனை எடுத்து, எனக்கு முன்னாலேயே மைக்கில் கேட்டாள். முதலில் என் பக்கம் வந்தது. அவள் போனில்.

போன் வர ஆரம்பித்தது. வேப்பம்பட்டிலிருந்து ஒருவர். எங்கோ செங்கல் சூளையிலிருந்து ஒரு பெண். "சார்" என்றுதான் எல்லோரும் ஆரம்பித்தார்கள். தெரிந்ததைச் சொன்னேன், தெரியாததை சாராளிடம் கேட்டுச் சொன்னேன். வேலை முடிந்ததும் வைத்துவிடுவார்கள். வைத்ததும் அறை முன்னைவிட அமைதியாகிவிடும்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை, பூசை முடிந்து வந்து சோறு ஆக்கிக்கொண்டிருந்தேன். போன் அடித்தது.

"சார், வணக்கம் சார். ஒரு டவுட்டு சார். நீங்க சொன்ன மாரியே போஸ்டாபீஸ் போனேன் சார். கைரேக வுய மாட்டேங்குதுன்றாங்கோ. பத்து வெரலும் வச்சி பாத்துட்டாங்கோ. பேஜாரா கீது சார்."

சூட்டுக் கம்பி தேய்த்த விரல். என் விரலுக்கும் அதே கதைதான் நடந்தது. கரண்டியைக் கீழே வைத்தேன்.

"கண்ண வச்சி எடுப்பாங்க. பெரிய ஆதார் சென்டருக்குப் போயி கேளு" என்றேன். பிறகு, "துணி காஞ்சிச்சாடா?" என்று கேட்டேன்.

அந்தப் பக்கம் வண்டி ஏதோ ஹாரன் அடித்துக்கொண்டு போனது.

"அண்ணா? ஆசீர்வாதம் அண்ணாவா?"

"நாந்தான்டா."

"யோவ், நீயா இத்த எயுதன? நானு யாரோ ஆபீசர்னு சார் சார்னுகினு கீறேன்! என் மரியாதய திருப்பிக் குடு!" சிரித்தான். அதே சிரிப்பு, இருமலில் போய் முடியும் சிரிப்பு. "நாயுடுபேட்டைல கீறேண்ணா. இங்கயும் உலைதான். எல்லாம் தெலுங்கு. காச டப்புன்னு சொன்னாத்தான் சம்பளமே தர்றானுங்கோ. நீ எப்டி கீற? அண்ணி எப்டி கீறாங்கோ?"

சோறு பொங்கி அடுப்பில் வழிந்தது. அணைத்தேன்.

"இல்லடா. நீ போன அந்த மழைக்காலத்திலேயே..."

அவன் மூக்கை உறிஞ்சும் சத்தம் கேட்டது.

"எனக்கு ஒர்த்தனும் சொல்லலியேண்ணா."

"உன் நம்பர் இல்லடா."

"அவங்க கையால எத்தினி நாளு துன்னுகீறேன்."

"லோகு, உன் காசு எங்கிட்ட கீது. ஏழாயிரத்து அறுநூத்தி அம்பது. அப்டியே எட்த்து வச்சிகீறேன். அதுக்குத்தான்டா உன்ன தேடனதே. சாவற வரைக்கும் அவ கேட்டுகினே இருந்தா. எங்க அனுப்பட்டும், சொல்லு."

"வேணாண்ணா."

"டேய், அவ சொன்னது..."

"அண்ணா, கேளு. நானு அண்ணி சாவுக்கு வர்ல. மால போடல. மோளத்துக்கு, பொட்டிக்குனு என் பங்கு ஒண்ணும் குடுக்கல. கூடப் பொறந்தவனா இருந்தா உட்டுருவேனா? அந்தக் காசு அதுக்குப் போச்சுனு வச்சிக்க. கல்லறைல என் பேர சொல்லி ஒரு மால போடு. அவ்ளோதான்."

மறுத்தால், அவனுக்கு அந்தச் சாவில் இடமில்லை என்று சொன்னதுபோல் ஆகிவிடும். மேரிக்கும் அது சம்மதமாக இருக்காது.

"சரிடா" என்றேன்.

"தீந்துச்சா?"

அவன் பக்கம் ஷிப்ட் சங்கு ஊதியது. இனி எதைச் சொல்லி அவனைத் தேடுவேன் என்று ஒரு கணம் நினைத்தேன். சங்கு நிற்கும் வரை இரண்டு பேரும் போனை வைக்கவில்லை.

"தீந்துச்சி" என்றேன்.