மதிவதனி கலக்கிய ஜிஞ்சர் பீர்

துணைத் தலைவர் தம்பிதுரை சாயங்காலம் நாலு மணிக்கு வருகிறார் என்று ஆள் வந்து சொல்லிவிட்டுப் போனதும், மாரப்பனுக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. சைக்கிளை எடுத்துக்கொண்டு கருமத்தம்பட்டிக்குச் சோடா வாங்கக் கிளம்பிவிட்டார். முப்பது வருஷம் தம்பிதுரையின் தோட்டத்தில் மாடாய் உழைத்த மனுஷன், அவருக்குத் தெரியாத சம்பிரதாயமா? தோட்டத்துக்காரர்கள் காலனிக்குள் வந்தால் காப்பி குடிக்க மாட்டார்கள், பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்க மாட்டார்கள். கடைச் சோடாவை மூடி கழற்றாமல் கையில் கொடுத்தால் மட்டும் குடிப்பார்கள். பாட்டிலுக்குள் நம் கை போகவில்லை பாருங்கள், அதனால் அதற்குத் தீட்டு கிடையாதாம். அட அட, என்ன மூளை!

மகள் மதிவதனி உள்ளேயிருந்து குரல் கொடுத்தாள். சோடாவோடு ரெண்டு ஜிஞ்சர் பீரும், ஐசுக் கட்டியும், எலுமிச்சம்பழமும், புதினாவும் வாங்கி வரச் சொன்னாள். எதற்கு என்று கேட்க அவருக்கு நேரமில்லை.

அவள்தான் ஊருக்குப் புதுப் பஞ்சாயத்துத் தலைவர். தொண்ணூற்றாறு தேர்தலில் அந்தப் பதவி காலனிப் பெண்களுக்கு என்று ஒதுக்கப்பட்டது. தம்பிதுரை நிற்க முடியாமல், தன் தோட்டத்தில் களை வெட்டும் ஒருத்தியை நிறுத்திப் பார்த்தார். மதிவதனி நாற்பத்தொரு ஓட்டில் ஜெயித்துவிட்டாள். மனுஷன் வார்டு மெம்பராகி, அப்படியே துணைத் தலைவர் நாற்காலியைப் பிடித்துக்கொண்டார். இப்போது முதல் கூட்டத்தை அவர் வீட்டில் வைப்பதாக நோட்டீஸ் எழுதிக்கொண்டு கையெழுத்துக்கு வருகிறார். அவர் வீட்டில் காலனி ஆட்கள் எங்கே நிற்பார்கள் என்று ஊருக்கே தெரியும். வாசலில், அதுவும் செருப்பில்லாமல். முதல் கூட்டத்தில் நின்றால் அஞ்சு வருஷமும் நிற்க வேண்டியதுதான். அது மதிவதனிக்கு நன்றாகவே தெரியும்.

ஆனால் பயம் மட்டும் துளியும் இல்லை. காந்திபுரத்தில் ஒரு கூல்பாரில் ஆறு வருஷம் நின்று கலக்கிக் கொடுத்தவள் அவள். ஜிஞ்சர் பீரும் சோடாவும் சேர்ந்த அந்தக் கலவையைக் காக்டெயில் என்று பெருமையாகச் சொல்லுவார் முதலாளி. சாராயம் ஒரு சொட்டுக் கிடையாது. யார் வந்து குடித்தாலும் கலக்கின கை யாருடையது என்று டவுனில் ஒருத்தரும் கேட்டதில்லை. அதைப் பற்றி இன்னொரு விஷயமும் அவளுக்குத் தெரியும். மோரை அண்ணாந்து குடிக்கலாம், நன்னாரி சர்பத்தைக் குடிக்கலாம். இதை முடியாது. டம்ளரில் வாய் வைக்காமல் மேலேயிருந்து ஊற்றினால் நுரை பொங்கி மூக்குக்கு ஏறிவிடும். உதட்டை வைத்து உறிஞ்சித்தான் ஆக வேண்டும்.

நாலு மணிக்குத் தம்பிதுரை புல்லட்டில் வந்து இறங்கினார். ஐப்பசி என்றுதான் பேர், மழையைக் காணோம், வெயில் மண்டையைப் பிளந்தது. நாற்காலியில் உட்கார்ந்தவர், "மாரா, ஒரு சோடா கொண்டா" என்றார். அறுபது வயசு ஆளை மாரா என்று கூப்பிடுகிற வாயைப் பாருங்கள். மாரப்பன் துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு ஓடினார். அதற்குள் மதிவதனி எல்லாப் பாட்டிலையும் திறந்துவிட்டிருந்தாள்.

அவர் கண் முன்னாலேயே பெஞ்சு மேல் டம்ளர்களை வரிசையாக வைத்தாள். புதினாவை உள்ளங்கையில் வைத்து ஒரு தட்டுத் தட்டிப் போட்டாள். எலுமிச்சையைக் கையால் பிழிந்தாள், சர்க்கரைப் பாகு விட்டாள், உப்பு ஒரு சிட்டிகை. பாதிக்கு ஜிஞ்சர் பீர், பாதிக்குச் சோடா, டம்ளர் ஓரமாகச் சாய்த்து ஊற்றி, நீளக் கரண்டியால் ஒரே ஒரு சுற்று. இஞ்சி வாசம் தூக்கியடித்தது. சும்மா சொல்லக் கூடாது, தம்பிதுரைக்கு நாக்கு ஊறித்தான் போனது.

ஆனாலும் விடுவாரா? ஐசு தனக்கு ஆகாது என்றார். ஐசில்லாமல் ஒன்று கலக்கினாள். சர்க்கரை வியாதி என்றார். உப்பு மட்டும் போட்டு இன்னொன்று கலக்கினாள். அப்புறம் சொல்ல ஒன்றும் கிடைக்காமல் நோட்டீசை எடுத்து நீட்டினார். அவள் வாங்கவில்லை. எதிர் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

"என்ற ஊட்டுல நீங்க டம்ளர காலி பண்ணுங்க, உங்க ஊட்டுக் கூட்டத்துக்கு நான் வாரேனுங்க. மாட்டீங்கன்னா கூட்டம் பஞ்சாயத்து ஆபீசுல."

மாரப்பனுக்கு உயிரே போய்விட்டது. தம்பிதுரையோ சிரித்தார், அவருக்கு வழி தெரிந்துவிட்டது. உப்புப் போட்ட டம்ளரை எடுத்து, தலையை அண்ணாந்து, ஒரு சாண் உயரத்திலிருந்து வாய்க்குள் விட்டார். இஞ்சி நுரை தொண்டையில் பொங்கி மூக்குக்கு ஏறியது. இருமினார், தும்மினார், கண்ணில் தண்ணீர் கொட்டியது, வெள்ளைச் சட்டை பாதி நனைந்தது. நல்ல தாகம் வேறு, வாய் முழுக்கக் காரம். மனுஷன் எதையும் யோசிக்கவில்லை. டம்ளரை உதட்டில் வைத்து மடமடவென்று குடித்துத் தீர்த்துவிட்டுத்தான் நிமிர்ந்தார்.

டம்ளரைப் பெஞ்சு மேல் வைத்தார்.

"சொன்ன சொல்லு மாற மாட்டேனுங்க" என்றாள் மதிவதனி. "வெள்ளிக்கெழம உங்க ஊட்டுக்கே வாரேன். உள்ள ஒரு சேர் போடுங்க. எனக்கும் ஒரு டம்ளர் தண்ணி குடுக்கச் சொல்லுங்க, போதும்."

தம்பிதுரை காலி டம்ளரைப் பார்த்தார், வாசலைப் பார்த்தார். வீட்டில் இதைப் போய் யாரிடம் சொல்லுவது என்று அவர் முகத்திலேயே எழுதியிருந்தது.

"ஊட்டுல வெள்ளையடிக்கறாங்கம்மணி" என்றார் கடைசியில். "ஆபீசுலயே வெச்சுக்கலாம்."

நோட்டீசில் அவரே அடித்துத் திருத்தினார். மதிவதனி ஒரு தடவை முழுக்கப் படித்துப் பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போட்டாள். சந்தோஷத்தில் அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அதை அவர் பார்த்தால் பார்க்கட்டும் என்று விட்டுவிட்டாள்.

புல்லட் சத்தம் தூரப் போனதும் மாரப்பன் அந்த டம்ளரைக் கையில் எடுத்தார். முகமெல்லாம் சிரிப்பு.

"கண்ணு, அவிய வாய் வெச்சுக் குடிச்ச டம்ளரு. இதையத் தனியா எடுத்து வெச்சுப்போடறேன்."

மதிவதனி மற்ற டம்ளர்களையும் எடுத்து அவர் முன்னால் வைத்தாள்.

"தனியா எதுக்குங்கப்பா? நம்ம டம்ளரோடவே போட்டுக் கழுவுங்க."